சோளச் சேனைக்குக் காவல்

விலங்கு, பூச்சி, மனிதர் என்னும் மூவகைச் சேதத்தினின்றும் பயிரைக் காக்கும் முறை

கமக்காரருக்கு,

திருவள்ளுவர் உழவைப் பற்றிக் கூறுமிடத்து, நீர்ப்பாய்ச்சலிலும் மேலானதாகப் பயிர்க்காவலை வைத்துள்ளார். அதன் உண்மையைச் சோளம் செய்பவர்கள் அனுபவத்தால் அறிவார்கள். நல்ல விதை, தக்க பசளை, வேண்டிய மழை ஆகிய யாவும் வாய்த்தும், பொத்தி ஒடிக்கும் வாரத்தில் ஓர் இரவு காவல் தவறியதனால் வெறுங்கையுடன் வீடு திரும்பியவர்கள் நம்மிடையே பலர்.

சோளம் தன் வாழ்நாள் முழுவதும் பிறர்க்கு உணவாகும் பயிர். விதையை மயிலும் எலியும் தின்னும். இளஞ்செடியை மாடு மேயும். குருத்தைப் புழு தின்னும். பாற்பருவத்துப் பொத்தியைக் கிளியும் குரங்கும் பன்றியும் யானையும் நாடும். முற்றிய பொத்தியை மனிதன் களவாடுவான். ஆயினும் இவை எல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவமும், நாளில் ஒரு நேரமும் உண்டு. அவற்றை அறிந்தவன் சிறிது உழைப்பால் தன் பயிரைக் காத்துக்கொள்வான். அறியாதவன் பயிர் அழிந்தபின் ஆத்திரமுற்று, கொல்லும் பொறிகளை நாடுவான். கொல்லும் பொறி காவலன்று என்பதைப் பின்னர் விளக்குவோம்.

அனுராதபுரம், மொனராகலை, அம்பாறை, பதுளை ஆகிய மாவட்டங்களிற் பெருமளவிலும், வவுனியா, மட்டக்களப்பு, முல்லைத்தீவு முதலிய இடங்களில் ஓரளவிலும் செய்யப்படும் பெரும்போகச் சோளத்தை மனத்திற்கொண்டே இப்பிரசுரம் எழுதப்பட்டுள்ளது. குரக்கன், நிலக்கடலை, பயறு செய்வோருக்கும் இதிலுள்ள முறைகளிற் பல பயன்படும்.

1. காவல் விதைப்பதற்கு முன்னரே தொடங்குகின்றது

பலர், வேலி கட்டுவதே காவலின் தொடக்கம் என்று எண்ணுகின்றனர். உண்மையில், நிலத்தைத் தெரிவு செய்யும் பொழுதே பாதிக் காவல் முடிந்துவிடுகின்றது.

காட்டின் நடுவே தனித்து வெட்டிய ஓர் ஏக்கர்ச் சேனைக்கு நாற்புறமும் பகை. ஓர் ஏக்கர் சதுர நிலத்தின் சுற்றளவு ஏறக்குறைய 835 அடி. பத்துப் பேர் பத்து இடங்களிற் தனித்தனியே ஓர் ஏக்கர் செய்தால், அவர்கள் கட்ட வேண்டிய வேலி 8,350 அடி. அதே பத்துப் பேர் ஒரே தொகுதியாகப் பத்து ஏக்கர் செய்வாராயின், முழுத் தொகுதியின் சுற்றளவு 2,640 அடி மட்டுமே. ஒருவர் பங்கு 264 அடி. வேலிச் செலவு மூன்றிலொரு பங்கிலும் குறைகின்றது. காவலும் அவ்வாறே: தனித்தவன் ஒவ்வோர் இரவும் விழித்திருக்க வேண்டும்; பத்துப் பேர் சேர்ந்தால், இரவுக்கு இருவராக, ஐந்து இரவுகளுக்கு ஒருமுறையே முறை வரும்.

ஆதலால், அயலவர்களுடன் பேசி, அனுமதி பெற்ற நிலத்தில் ஒரே தொகுதியாகச் செய்யுங்கள். புதுக்காடு வெட்டி உள்ளே செல்லச் செல்ல விலங்கின் வழியில் நாமே சென்று நிற்கின்றோம் என்பதை மறவாதீர்கள்.

விதைப்பையும் ஒரே வாரத்தில் முடித்தல் வேண்டும். பெரும்போக மழை நிலைகொண்டதும், எல்லோரும் சேர்ந்து விதைப்பது நன்று. முந்தி விதைத்த ஒரு துண்டு நிலம் பறவைகளுக்கெல்லாம் விருந்தாகும். பிந்தி விதைத்த துண்டு, அயலிற் பெருகிய புழுக்கள் யாவற்றையும் ஏற்றுக்கொள்ளும். சேர்ந்து விதைத்தால் சேதமும் பங்கிடப்பட்டு ஒவ்வொருவருக்கும் சிறிதாகும்.

வேலியின் வெளிப்புறத்தே 10 முதல் 15 அடி அகலத்துக்குப் பற்றைகளை வெட்டித் துப்புரவாக்குங்கள். காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் மறைவின்றி வெளியில் வர விரும்புவதில்லை. எலியும் அகழானும் பற்றையிலேயே வளை தோண்டும். காவற்காரருக்கும் அவ்வெளி பார்வை தரும்.

2. முதல் மூன்று வாரங்கள்: விதையும் முளையும்

வரிசைக்கு வரிசை 2 அடியும், செடிக்குச் செடி 1 அடியுமாக நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 22,000 செடிகள் அமையும். இத்தொகையில் எத்தனை செடி நிலைக்கும் என்பது முதல் மூன்று வாரத்திலேயே தீர்மானிக்கப்படுகின்றது.

மயில்: அண்மைக் காலங்களில் மயில் பெருகி, முன்னர் காணப்படாத இடங்களிலும் பரவிவிட்டது. அது வரிசையை அறிந்துகொண்டால், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விதையைத் தோண்டி எடுத்துக்கொண்டே செல்லும். அதிகாலையிலும், மாலை 4 மணியின் பின்னரும் அதன் வருகை மிகும். இவ்விரு வேளைகளிலும் ஒருவர் நிலத்தில் நிற்றலே சிறந்த மருந்து. விதையை 2 அங்குல ஆழத்திலிட்டு, மண்ணை நன்றாக மூடி மிதித்துவிடுங்கள். மேலாக இட்ட விதை பறவைக்கே உரியது.

வெருளி கட்டுவோர் அதனை ஒரே இடத்தில் மாதக்கணக்காக நிறுத்திவிடுகின்றனர். மூன்றாம் நாள் அதன் தலையிற் காகம் அமர்ந்திருக்கும். வெருளியை இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை இடம் மாற்றி, உடையையும் மாற்றுதல் வேண்டும். பளபளப்பான நாடாவை முறுக்கிக் கட்டுதல், வெற்றுத் தகரங்களைக் கயிற்றிற் கோத்துக் கொட்டிலிலிருந்து இழுத்து ஒலியெழுப்புதல் ஆகியவையும் அவ்வாறே. எந்த ஒரு முறையும் சில நாட்களே பயன்தரும். மாற்றி மாற்றிச் செய்பவனுக்கே பலன்.

நஞ்சூட்டிய தானியத்தைத் தூவி மயிலைக் கொல்ல முயலாதீர்கள். அது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அத்தானியத்தை உங்கள் கோழியும் அயலவர் கோழியும் தின்னும்; அக்கோழியை உங்கள் பிள்ளைகள் உண்பார்கள். மருந்தூட்டி விற்கப்படும் விதையின் மிச்சத்தையும் உணவுக்கோ கோழித்தீனுக்கோ எடுத்தல் கூடாது.

வெற்றிடம் நிரப்புதல்: விதைத்த அன்றே, வீட்டருகில் ஒரு சிறு பாத்தியில் அல்லது ஓலைப் பைகளில் இரண்டு கைப்பிடி விதையை முளைக்க விடுங்கள். முளைகள் 7 முதல் 10 நாள் வயதாகும்போது, அழிந்த இடங்களில் ஈரமான மாலைப்பொழுதில் நட்டுவிடலாம். அதன்பின் நடுபவை அயற்செடிகளின் நிழலிற் தேறமாட்டா.

கட்டாக்காலி மாடுகள்: ஒரு மாடு ஓர் இரவிற் செய்யும் சேதத்தை ஒரு மயில் ஒரு மாதத்திலும் செய்யாது. அலம்பல் வேலி கட்டுவோர், கதியால்களை 3 அடிக்கு ஒன்றாக நட்டு, முள்ளின் அடிப்பக்கம் உள்நோக்கியும் நுனி வெளிநோக்கியும் இருக்குமாறு அடுக்குதல் வேண்டும். கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை ஆகியவற்றின் கதியால்களை நட்டால் அவை வேரூன்றி உயிர்வேலியாகும். சீமைக்கிளுவையின் இலை அடுத்த போகத்துக்குப் பசளையுமாகும்.

மாடு புகுந்துவிட்டால், அதனை வெட்டுதலும் சுடுநீர் ஊற்றுதலும் தகாத செயல்கள். உரியவரை அழைத்துச் சேதத்தை அவர் கண்ணாற் காணச் செய்யுங்கள். மீண்டும் நிகழுமாயின் கிராம அலுவலருக்கும் பிரதேச சபைக்கும் எழுத்தில் அறிவியுங்கள். விதைப்புக்கு முன்னர் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே மாடுகளைக் கட்டும் நாளைத் தீர்மானித்துக்கொண்டால் இப்பிணக்குப் பெரும்பாலும் எழாது.

3. இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை: படைப்புழு

நம் முன்னோர் அறியாத பகை இது. அமெரிக்கக் கண்டத்துக்குரிய இப்படைப்புழு 2016 ஆம் ஆண்டில் ஆபிரிக்காவிலும், 2018 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இந்தியாவிலும் காணப்பட்டது. அவ்வாண்டிலேயே நம் நாட்டையும் அடைந்து, 2018/19 பெரும்போகத்தில் அம்பாறை, மொனராகலை, அனுராதபுரம் முதலிய மாவட்டங்களின் சோளத்தைப் பெரிதும் தாக்கிற்று. ‘சேனா படைப்புழு’ என்று மக்கள் வழங்குவது இதனையே. இதன் அந்து ஓர் இரவில் 100 கிலோமீற்றர் வரை காற்றோடு பறந்து செல்ல வல்லது. ஆதலால் வேலி இதனைத் தடுக்காது; காவற்பரணும் தடுக்காது. செடிகளினூடே நடந்து, குருத்தை விரித்துப் பார்க்கும் பழக்கம் ஒன்றே தடுக்கும்.

அறிந்துகொள்ளும் விதம்: அந்து, இலையில் நூறு முதல் இருநூறு வரையான முட்டைகளைக் கூட்டமாக இட்டு, மேலே சாம்பல் நிறப் பஞ்சு போன்ற மயிரால் மூடும். ஏறக்குறைய மூன்று நாட்களிற் குஞ்சுப் புழுக்கள் வெளிவந்து இலையின் பச்சையைச் சுரண்டும். அப்பொழுது இலையில் கண்ணாடிச் சாளரம் போன்ற வெண்புள்ளிகள் தோன்றும். பின்னர் புழு குருத்தினுட் புகுந்து தின்னத் தொடங்கும். குருத்து விரியும்போது வரிசையாகத் துளைகள் தெரியும். ஈரமான மரத்தூள் போன்ற எச்சம் குருத்தில் நிறைந்திருக்கும். வளர்ந்த புழுவின் தலையில், தலைகீழாகக் கவிழ்த்த கவண்கிளை போன்ற வெண்கோடு காணப்படும். வால் முனைக்கு அண்மையில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக அமைந்திருக்கும். இவ்விரு அடையாளங்களும் ஒருங்கே இருந்தால் அது படைப்புழுவே.

புழு இரண்டு வாரமளவிற் தின்று முற்றி, மண்ணுள் 1 முதல் 3 அங்குல ஆழத்திற் கூட்டுப்புழுவாகும். முட்டையிலிருந்து அந்து வரை நம் காலநிலையில் ஏறத்தாழ 30 நாட்கள். ஒரு போகத்திலேயே மூன்று தலைமுறை தோன்றலாம் என்பது இதிலிருந்து விளங்கும்.

பார்வையிடும் முறை: முளைத்து ஒரு வாரம் சென்றதும் தொடங்கி, வாரம் இருமுறை காலையில் நிலத்தினுட் செல்லுங்கள். வரம்போரத்திற் பார்த்துத் திரும்புதல் போதாது. வளைந்து வளைந்து நடந்து, ஐந்து இடங்களில் நின்று, இடத்துக்கு 20 செடியாக 100 செடிகளைப் பாருங்கள். புதிய கடியுள்ள செடிகளை எண்ணுங்கள். செடி முழங்கால் உயரத்துக்குட்பட்டிருக்கையில் 100 இல் 20 செடிகளும், அதற்கு மேல் வளர்ந்தபின் 100 இல் 40 செடிகளும் புதிய கடியுற்றிருந்தால் மருந்தைப் பற்றி ஆலோசிக்கலாம். அதற்குக் குறைவாயின் கைவேலையே போதும். இடையிற் சில இலைகள் கிழிந்த சோளம் மீண்டும் தேறிப் பொத்தி தரும். கிழிந்த இலையைக் கண்டு அஞ்சிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

கைவேலை: முட்டைக் கூட்டத்தை விரலால் நசுக்குதல் நூற்றுக்கு மேற்பட்ட புழுக்களை ஒரு நொடியிற் கொல்வதற்கு ஒப்பாகும். இதனைப் பாடசாலைப் பிள்ளைகளும் செய்யலாம். குருத்தினுள்ளே உள்ள புழுவை எடுத்துக் கொல்லுங்கள். நுண்மணலை, அல்லது சாம்பல் கலந்த மணலை ஒரு சிட்டிகை குருத்தினுள் இடுவதால் புழு உராய்வுற்று மடியும்.

வேப்பங்கொட்டைச் சாறு: உலர்ந்த வேப்பம் பருப்பை இடித்து, 16 லீற்றர் தெளிகருவி ஒன்றுக்கு 800 கிராம் வீதம் நீரில் ஓரிரவு ஊற வைத்து, துணியில் இருமுறை வடித்து, சிறிது சவர்க்கார நீர் கலந்து, மாலையிற் குருத்தினுள் விழுமாறு தெளியுங்கள். வெயில் அதன் சத்தைக் கெடுக்குமாதலால் காலையிற் தெளித்தல் பயன் குறைவு. அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றே வடித்தல் நன்று.

இரசாயன மருந்து: வேண்டிய நிலை ஏற்படின், அங்கீகரிக்கப்பட்ட மருந்தின் பெயரையும் அளவையும் உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியுங்கள். புழு சிறிதாயிருக்கும்போதே தெளித்தல் வேண்டும். ஓர் அங்குலத்துக்கு மேல் வளர்ந்த புழு தன் எச்சத்தையே மூடியாகக் கொண்டு குருத்தின் அடியில் இருக்கும். மருந்து அதனைச் சேராது. ஒரே வகை மருந்தைத் தொடர்ந்து தெளித்தால் புழு அதற்குப் பழகிவிடும். இரண்டு மருந்துகளை உங்கள் எண்ணப்படி கலவாதீர்கள். கைகளையும் முகத்தையும் மூடி, காற்றின் திசைக்கு முதுகு காட்டித் தெளியுங்கள். வெற்றுப் போத்தலைக் குளத்தோரத்தில் வீசாதீர்கள்.

எறும்பு, சிலந்தி, காதுப்பூச்சி, முட்டையைத் துளைக்கும் சிறு குளவிகள் ஆகியன நமக்குக் கூலியின்றி உழைப்பவை. வரிசைகளுக்கிடையே கௌபியோ நிலக்கடலையோ இட்டால் இவற்றுக்குத் தங்குமிடம் கிடைக்கும்; போகத்துக்கு இரண்டாவது வருமானமும் கிடைக்கும்.

4. பாற்பருவம் முதல் ஒடிப்பு வரை: இரவுக் காவல்

விதைத்து ஏறத்தாழ 50 முதல் 60 நாட்களில் ஆண்பூவும், அதனைத் தொடர்ந்து பொத்தியிற் பட்டிழையும் தோன்றும். அதன் பின் மூன்று வாரத்திற் பாற்பருவம். அம்மணம் காட்டுக்குள் எட்டிவிடும். அன்று முதல் ஒடிப்பு வரையுள்ள ஐந்து, ஆறு வாரங்களே போகத்தின் உயிர்நிலை.

கிளியும் குரங்கும் பகலில் வருவன. கிளி வரம்போர வரிசைகளையே முதலில் தாக்கும். அங்குள்ள பொத்திகளை அச்செடியின் இலையாலேயே சுற்றிக் கட்டிவிட்டால் பெரும்பகுதி தப்பும். குரங்குக்கு ஆள் காவலன்றி வேறு வழி அரிது. ஆயினும் வேலியை ஒட்டிய மரங்களின் கிளைகளைத் தறித்து, அவை நிலத்தினுள் நேரே பாயாமற் செய்யலாம்.

காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் இரவில் வருவன. பன்றி வேலியைத் தாண்டாது. அடியைத் தூக்கிக்கொண்டு நுழையும். ஆதலால் வேலியின் உயரத்தினும் அதன் அடிப்பகுதியின் உறுதியே முக்கியம். முதல் 3 அடியை நெருக்கமாக அடைத்து, அடியில் மண் அணைத்து, மரக்குற்றிகளைப் படுக்க வைத்துக் கட்டுங்கள். வலைக்கம்பி கட்டுவோர் அதன் அடியை அரை அடியேனும் மண்ணுட் புதைத்தல் வேண்டும். நாள்தோறும் மாலையில் வேலியைச் சுற்றி நடந்து, பன்றி மூக்கால் முயன்று பார்த்த இடம் உண்டாவெனக் கவனியுங்கள். இன்று முயன்ற இடத்தாலேயே நாளை உள்ளே வரும்.

யானை: யானையைத் தடுக்கும் வேலியை மரத்தாலோ முள்ளாலோ கட்ட இயலாது. கிராமத்தைச் சுற்றியும், போக காலத்தில் மட்டும் பயிர்நிலத்தைச் சுற்றியும் அமைக்கப்படும் மின்வேலிகள் பல இடங்களில் நற்பயன் தந்துள்ளன. அவற்றின் வெற்றி, கம்பியின் தரத்தினும், அதனைக் காக்கும் மக்களின் ஒற்றுமையையே சார்ந்தது. கம்பியிற் கொடி படர்ந்தால் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எனவே வாரம் ஒருமுறை கொடிகளை வெட்டி, நாள்தோறும் மின்னழுத்தத்தை அளந்து பார்த்தல் அவசியம். ஒடிப்பு முடிந்ததும் போகவேலியைக் கழற்றிவிடுங்கள். தாளை யானை வந்து தின்று போகட்டும். அதனால் நமக்கு நட்டமில்லை.

யானை வெடி கொளுத்துவோர், யானை நிலத்தினுட் புகுமுன், தூரத்திலிருந்தே கொளுத்துதல் வேண்டும். உள்ளே புகுந்து தின்று கொண்டிருக்கும் யானையை நெருங்கி விரட்டுதல் உயிருக்கு ஆபத்து. ஓர் ஏக்கர்ச் சோளம் போனால் அடுத்த போகம் உண்டு.

5. கொல்லும் பொறி காவலன்று

இப்பிரசுரத்தில் யாதொன்றை வாசிக்காவிடினும் இப்பகுதியை வாசியுங்கள்; வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

முறையாக அமைந்த மின்வேலியில் உள்ள கருவி, 12 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து சக்தியைப் பெற்று, ஏறக்குறைய ஒரு வினாடிக்கு ஒரு முறை, கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகக் குறுகிய ஓர் அடியைக் கம்பியிற் செலுத்துகின்றது. அதன் அழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ற்றாயினும், அடிக்கும் அடிக்கும் இடையில் ஓய்வு உண்டு. தொட்ட விலங்கு திடுக்குற்று விலகிவிடும், மனிதனும் அவ்வாறே. வீட்டு மின்சாரமோ 230 வோல்ற்று. ஓய்வின்றித் தொடர்ந்து பாய்வது. அதைத் தொட்டவனின் தசை இறுகிக் கை கம்பியை விடாது. ஈர மண்ணில் வெறுங்காலுடன் நிற்பவனுக்குத் தப்ப வழியில்லை. இரண்டும் கம்பிதானே என்று எண்ணுவது, மருந்துப் போத்தலும் தண்ணீர்ப் போத்தலும் போத்தல்தானே என்பது போலாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் கடமையாற்றிய ஒரு பிரிவில், பாற்பருவத்துச் சோளச் சேனையொன்றைப் பார்வையிடச் சென்றேன். பயிர் மிக நன்றாயிருந்தது. காவற்கொட்டிலின் மூலையில் ஒரு சுருள் வெறுங்கம்பி கிடக்கக் கண்டேன். ‘ஐயா, இது எதற்கு?’ என்று கேட்க எண்ணினேன். பொழுது சாய்ந்துவிட்டதாலும், செல்ல வேண்டிய தூரம் இருந்ததாலும், கேளாமலே திரும்பினேன். இரண்டு வாரம் செல்லுமுன், ஓர் அதிகாலையில், காணாமற் போன தன் கன்றைத் தேடி வந்த அயற்சேனைக்காரர் அக்கம்பியிற் பட்டு இறந்தார். கம்பி கட்டியவரும் இறந்தவரும் ஒருவர் நிலத்தில் ஒருவர் கைமாறாக உழைத்து வந்தவர்கள். கம்பி கட்டியவர் மறியலுக்குச் சென்றார். அவ்வாண்டு அவ்விரு சேனைகளிலும் பொத்தி ஒடிக்க எவரும் இருக்கவில்லை. எந்தப் பன்றிக்காகக் கம்பி கட்டப்பட்டதோ, அந்தப் பன்றியே யாவற்றையும் தின்றது.

அன்று கேட்கத் தவறிய கேள்வியை இன்று நான் செல்லும் ஒவ்வொரு சேனையிலும் கேட்கிறேன். நீங்களும் உங்கள் அயலவரைக் கேளுங்கள். கேட்பது பகையாகாது.

கட்டுத்துவக்கும் இவ்வாறே. பன்றி நடக்கும் பாதை விறகு பொறுக்கும் பெண்ணும் நடக்கும் பாதை. ஹக்கபட்டாஸ் எனப்படும் வெடியைப் பழத்திலோ கருவாட்டிலோ மறைத்து வைக்கின்றனர். அதனைக் கடிக்கும் யானைக்கன்று வாய் சிதைந்து, தின்னவும் குடிக்கவும் இயலாது பல நாட்கள் துன்புற்றுச் சாகின்றது. நாயும் மாடும் அதற்கு இரையாகின்றன. இவை யாவும் சட்டத்தால் தடை செய்யப்பட்டவை. யானையைக் கொல்லுதல் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின்படி பெருங்குற்றம். 2019 ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 400 க்கு மேற்பட்ட யானைகளும், யானைகளால் 120 க்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். இக்கணக்கில் ஒருவரும் வெற்றியடையவில்லை.

6. மனிதரிடமிருந்து காவல்

பச்சைப் பொத்திக்குத் தெருவோரத்தில் நல்ல விலை உண்டு. ஆதலால் களவு பெரும்பாலும் பாற்பருவத்திலும், பின்னர் ஒடித்துக் குவித்த இரவிலும் நிகழ்கின்றது. சேனையின் அமைப்பையும் காவற்காரர் உறங்கும் நேரத்தையும் அறிந்தவர்களே வருவார்கள். அவர்களைத் தடுக்கும் வழிகள் எளியவை:

(அ) தெருவை ஒட்டிய வரிசைகளில் சோளத்துக்குப் பதிலாகக் கௌபி, எள்ளு முதலியவற்றை இடுங்கள்.

(ஆ) காவல் முறையை எழுதி, தொகுதியிலுள்ள எல்லோர் கையிலும் கொடுங்கள். இன்றிரவு யார் என்பது ஐயமாயிருந்தால் இன்றிரவு எவருமில்லை என்பதே பொருள்.

(இ) ஒடித்த பொத்தியை இரவில் நிலத்திற் குவித்து வையாதீர்கள். அன்றன்று ஏற்றக்கூடிய அளவையே அன்றன்று ஒடியுங்கள். சாக்குகளில் உங்கள் அடையாளத்தை மையால் இடுங்கள்.

(ஈ) அறிமுகமற்ற வியாபாரி சேனையைச் சுற்றிப் பார்க்க வந்தால், அவர் பெயரையும் வாகன இலக்கத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நேர்மையானவர் அதற்குக் கோபிக்கமாட்டார்.

(உ) களவு நடந்தால் பொலிசாரிடம் முறையிடுங்கள். அகப்பட்டவனைக் கட்டி வைத்து அடித்தல் கூடாது. நீதி கேட்கச் சென்றவரே குற்றவாளியாக நிற்க நேரும்.

பசித்து வந்த வழிப்போக்கனும், பாடசாலை விட்டு வரும் பிள்ளையும் ஒரு பொத்தி ஒடிப்பதைக் களவென்று எண்ணாதீர்கள். 22,000 செடிகளில் இருபது செடியை அயலுக்கென்று விட்டு வைத்த ஒரு முதியவரை நான் அறிவேன். அவர் சேனையிற் காவற்காரர் உறங்கிய இரவுகளிலும் ஊர் விழித்திருந்தது.

7. காவற்காரரின் பாதுகாப்பு

காவற்கொட்டிலை நிலத்தில் அமைத்து அதிற் படுத்தல் ஆபத்து. யானை நடமாடும் இடங்களில், உறுதியான மரத்தின் மேல், ஏணியுடன் பரண் அமையுங்கள். எப்போதும் இருவராகச் செல்லுங்கள். ரோச் விளக்கும் கைத்தொலைபேசியும் உடன் இருக்கட்டும். மது அருந்திவிட்டுக் காவலுக்குச் செல்லாதீர்கள். இருளில் யானையின் தூரத்தைக் கணிக்கத் தெளிந்த கண்ணுக்கே அரிது. இரவில் வரம்பில் நடக்கும்போது சப்பாத்து அணிந்து, விளக்கைக் காலடியிற் பிடித்துச் செல்லுங்கள். பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறுதலோ கட்டுதலோ செய்யாது, கடியுண்ட உறுப்பை அசையாமல் வைத்து, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

8. ஒடிப்பு

மடல் காய்ந்து, மணியின் அடியிற் கரும்படலம் தோன்றியதும் பயிர் முற்றிவிட்டது. இனத்தைப் பொறுத்து இது 100 முதல் 120 நாட்களில் நிகழும். முற்றிய பயிரை ‘இன்னும் சிறிது காயட்டும்’ என்று நிலத்தில் விட்டு வைப்பதே பலருக்கு நட்டத்தை விளைவிக்கின்றது. ஒடித்து, வீட்டு முற்றத்தில் உலர்த்துங்கள். நிலத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளும் காவற்செலவு ஒரு நாள்.

நினைவில் வைக்க வேண்டியவை

விதைக்குமுன்: ஒரே தொகுதி, ஒரே வாரம், வெளிப்புறத் துப்புரவு.

1 முதல் 3 ஆம் வாரம் வரை: காலையும் மாலையும் மயிற்காவல், வெற்றிடம் நிரப்புதல், மாட்டு வேலி.

2 முதல் 7 ஆம் வாரம் வரை: வாரம் இருமுறை 100 செடிகளைப் பார்வையிடல், முட்டையை நசுக்குதல், வேப்பஞ்சாறு, தேவையாயின் மட்டும் மருந்து.

பூத்தபின்: வேலியடியை நாள்தோறும் பார்த்தல், இருவராக இரவுக் காவல்.

எக்காலத்தும்: வீட்டு மின்சாரம் கம்பிக்கு வேண்டாம். கட்டுத்துவக்கு வேண்டாம். வெடி வேண்டாம். நஞ்சு வேண்டாம்.

மேலும் அறிய விரும்புவோர் தம் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்திக்கலாம். 1920 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசி வாயிலாகவும் கேட்கலாம். புழுவைக் கண்டால் ஒன்றைப் போத்தலில் இட்டுக் கொண்டு வாருங்கள். வேலியைப் பற்றி ஐயமிருந்தால் எங்களை உங்கள் சேனைக்கு அழையுங்கள். பொழுது சாய்ந்தாலும் வருவோம்.